எட்டு மணிக் கூட்டம்

பதினோரு வருடங்களாக அந்த வீட்டில் சாயங்காலச் சாப்பாட்டோடு ஒரு கதையும் பரிமாறப்பட்டது. சொல்பவர் சலவை ஆலையில் ரோலர் ஓட்டுகிறவர். கேட்பவர்கள் அவர் மனைவியும் பள்ளிக்கூடம் போகும் மகளும். கதையில் முதலாளி எகத்தாளமாக ஏதாவது சொல்வார். ரோலர்காரர் பட்டென்று ஒரு பதில் கொடுப்பார். முதலாளியின் முகத்தில் ஈயாடாது.

“‘என்னய்யா, நின்னுக்கிட்டே தூங்குறியா’ன்னாரு. நான் விடுவேனா? ‘சார், நான் தூங்கினா ரோலர் என் கையை இழுத்துக்கும். ரெண்டு கையும் இருக்கு, வேணும்னா எண்ணிப் பாத்துக்கோங்க’ன்னேன். மனுசன் வந்த வழியே திரும்பிட்டாரு.”

மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். “என்னிக்காவது இந்த வாயால வேலை போகப்போகுது பாருங்க” என்பாள் மனைவி. குறைப்பட்டுக்கொள்வதுபோலத்தான் சொல்வாள். ஆனால் அவர் தட்டில் இன்னொரு கரண்டி விழும்.

அந்த ஆலை, ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தருவது. நாற்பது பேர் வேலை செய்தார்கள். ஈர விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால், அந்தப் பக்கம் காய்ந்து, சுருக்கமில்லாமல் வெளியே வரும். அந்தச் சூடான உருளைதான் ரோலர். காலை எட்டு மணிக்கு வேன்கள் நிற்கும் முற்றத்தில் எல்லோரும் வரிசை கட்ட வேண்டும். கறை, கிழிசல், கருகல் என்று முந்தின நாள் திரும்பி வந்த துணிகளோடு முதலாளி வருவார். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, யார் செய்ததோ அவரை முன்னால் கூப்பிட்டு, நாற்பது பேர் பார்க்க வாட்டி எடுப்பார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது என்ற வழக்கமே அவரிடம் கிடையாது. “ஒருத்தனுக்குக் குடுத்தா எல்லாருக்கும் உறைக்கும்” என்பார். ஆட்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘எட்டு மணி’.

ரோலர்காரரும் மாதத்துக்கு இரண்டு முறையாவது அங்கே முன்னால் போய் நின்றவர்தான். நின்று அவர் சொன்னது எப்போதும் ஒன்றே ஒன்று. “சாரி சார். இனிமே நடக்காது சார்.” வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் முக்கால் மணி நேரப் பயணம். முதல் பாதியில் காது மடல் கொதிக்கும். பிறகு பதில் வர ஆரம்பிக்கும். அதைத் திருப்பித் திருப்பிச் செதுக்கி, இறங்கும்போது அந்த ஆளிடம் நேரிலேயே சொல்லிவிட்டது போல ஆகியிருக்கும். பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. கொஞ்சம் தாமதமாக வந்த பதில், அவ்வளவுதானே.

மனைவி வீட்டிலிருந்தபடியே ஒரு துணிக்கடைக்குத் தைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடையை மூடிவிட்டார்கள். அதே வாரம் ஆலையில் மடிப்புப் பிரிவுக்குப் பெண்கள் வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

“அங்க சோப்பு நெடி மூக்கைத் துளைக்கும். உனக்கு ஒத்துக்காது” என்றார் ரோலர்காரர்.

“பதினோரு வருசமா உங்களுக்கு ஒத்துக்கலையா? நீங்க இருக்கிற இடத்துல எனக்கென்ன பயம்?”

அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? அடுத்த திங்கட்கிழமை இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள்.

ஒன்பது நாட்கள் வேறு யார் யாரோ மாட்டினார்கள். ஒவ்வொரு காலையும் அவர் மடிப்புப் பிரிவு வரிசைப் பக்கம் திரும்பாமல் நின்றார். பத்தாவது நாள் முதலாளி கையில் ஒரு வெள்ளை விரிப்பு இருந்தது. நடுவில் நீளமாக, மஞ்சளாக ஒரு கருகல் கோடு.

“யோவ் ரோலர், வா இங்க. இது என்னது?”

“சார், சூடு தானா ஏறுது சார். மூணு தடவை எழுதிக் குடுத்தேன்...”

“நான் உன்கிட்ட கதையா கேட்டேன்? கண்ணு எங்கய்யா இருந்துச்சு? ரெண்டு கையாலயும் பிடி. நல்லா விரிச்சுப் பிடி. எல்லாரும் பாக்கட்டும், இவ்வளவு வருசமா நீ வேலை கத்துக்கிட்ட லட்சணத்தை.”

விரித்துப் பிடித்தார். விரிப்பு அவர் முகத்தை மறைத்தது. வேறொரு நாளாக இருந்தால் அந்த மறைவு ஆறுதலாக இருந்திருக்கும். அன்றைக்கு, மடிப்புப் பிரிவு வரிசையில் நின்றவளின் முகம் எப்படி இருக்கிறது என்று தெரியாததுதான் அவரை வதைத்தது. கை வலிக்கும்வரை அப்படியே நின்றார். பிறகு விரிப்புக்குப் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. “சாரி சார். இனிமே நடக்காது சார்.”

அன்று சாயங்காலம் மகள் வழக்கம்போலக் கேட்டாள். “அப்பா, இன்னிக்கு எட்டு மணிக்கு என்ன பதில் குடுத்தீங்க?”

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். “இன்னிக்கு அந்த ஆள் வரவே இல்லடி. சாப்பிடு.”

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அன்றைய நாள் மட்டுமல்ல, பதினோரு வருடமும். அவள் ஏளனம் செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். காப்பாற்றியதைத்தான் தாங்க முடியவில்லை. தட்டைத் தள்ளி வைத்தார்.

கதைகள் அதோடு நின்றுபோயின. அதற்குப் பதிலாக வீட்டில் குற்றங்கள் முளைத்தன. சட்டையில் பொத்தான் இல்லை, தண்ணீர் ஆறவில்லை. ஒருநாள் கதவைப் பூட்ட மறந்ததற்காகப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே மனைவியிடம் கத்தினார். “கண்ணு எங்க இருந்துச்சு?” சொன்ன பிறகுதான் அது யாருடைய வாசகம் என்று உறைத்தது. அவள் உள்ளே போனாள்.

மூன்றாவது மாதம் அவள் முறை வந்தது. ஓட்டலுக்குப் போன நீலக் கோடு போட்ட துண்டுகளின் கட்டுக்குள், பச்சைக் கோடு போட்ட ஆஸ்பத்திரித் துண்டு ஒன்று கலந்துவிட்டது.

“ஏம்மா, படிச்சவதானே நீ? பச்சைக் கோட்டுக்கும் நீலக் கோட்டுக்கும் வித்தியாசம் தெரியாதா?” என்று முதலாளி ஆரம்பித்தார். பிறகு, திடீரென்று ஞாபகம் வந்தவர்போல வரிசையில் தேடினார். “எங்கய்யா நம்ம ரோலர்? ஜோடிப் பொருத்தம் பிரமாதம்! நீயாவது வீட்டுல உக்கார வச்சு இவளுக்குச் சொல்லிக் குடுக்கக்கூடாதா?”

நாலைந்து பேர் சிரித்தார்கள். ரோலர்காரரின் வாய் தானாகத் திறந்தது. “சொல்றேன் சார்.”

சொன்னதோடு நிற்கவில்லை. அவரும் லேசாகச் சிரித்தார்.

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு முதலாளி பக்கம் திரும்பினாள். குரல் உயரவே இல்லை. “துண்டை மாத்தி வச்சது நான் சார். என் தப்பை என்கிட்ட சொல்லுங்க. தனியாக் கூப்பிட்டுச் சொன்னாலும் எனக்குக் காது கேக்கும்.”

முதலாளியின் கழுத்து சிவந்தது. “கணக்கை முடிச்சுக்கிட்டுக் கிளம்பு. வாய் இருக்கிறவங்களுக்கு இங்க வேலை இல்ல.”

அவள் பையை எடுத்துக்கொண்டு வேன்களுக்கு நடுவே நடந்து போனாள். ரோலர்காரர் தன் மெஷினுக்குப் போனார். அன்றைக்கு எழுநூறு விரிப்புகள். ஒன்றுகூடக் கருகவில்லை. மத்தியானம் மடிப்புப் பிரிவுப் பெண்கள் தேடி வந்து, “அண்ணே, அண்ணி என்ன போடு போட்டாங்க! நீங்கதான் தைரியம் குடுத்திருப்பீங்க” என்றார்கள். அவர் மறுக்கவில்லை.

பஸ்ஸில் பழக்கதோஷத்தில் பதில் தேடிப் பார்த்தார். வரவில்லை. சொல்ல வேண்டியதை இன்னொருத்தி சொல்லியாகிவிட்டது.

வீட்டில் மகளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. கண்கள் பளபளக்க அவரைப் பார்த்துக் கேட்டாள். “அம்மாவை அப்படிப் பேசினப்போ நீங்க என்னப்பா சொன்னீங்க?”

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இந்த முறை முந்திக்கொள்ளவில்லை. அவளும் கேட்கக் காத்திருப்பவள்போல நின்றாள்.

“சொல்றேன் சார்னு சொன்னேன்” என்றார் அவர்.

மகளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

இரண்டு மாதம் கழித்து மனைவிக்கு ஒரு திரைச்சீலைக் கடையில் தையல் வேலை கிடைத்தது. முன்னைவிடக் குறைவான சம்பளம். ஒருநாள்கூட அவள் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. ரோலர்காரர் அதே ஆலையில் இருந்தார். முதலாளி மாறவில்லை, எட்டு மணியும் மாறவில்லை. கூப்பிட்டால் முன்னால் போய் நின்றார். சாப்பிடும்போது மழையைப் பற்றியும் பஸ் கூட்டத்தைப் பற்றியும் பேசினார்கள்.

நாலு வருடம் கழித்து மகளுக்கு ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. மூன்றாம் நாள் அழுது முகம் வீங்கி வந்தாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவைத் தாண்டி நேராக அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் என்னவோ சொல்ல ஆரம்பித்தாள். அம்மா இடையிடையே கேள்வி கேட்டாள். “எல்லார் முன்னாலயுமா?” என்பது மட்டும் அவர் காதில் தெளிவாக விழுந்தது.

தண்ணீர் எடுக்கும் சாக்கில் அவர் எழுந்து போனார். அடுப்படி வாசலில் அவர் நிழல் விழுந்ததும் பேச்சு நின்றது. மகள் நகர்ந்து வழிவிட்டாள். அவர் தம்ளரை நிரப்பினார், நின்றபடியே குடித்தார், கழுவிக் கவிழ்த்தார். அவர் கூடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான், அடுப்படியில் மறுபடி பேச்சு தொடங்கியது.