பதில் வராத பாட்டு

மலாக்காவில் கல்யாண ஜோடிகளைப் படம் எடுக்க ஆள் இருந்தது. பந்தல் மூலையில் உட்கார்ந்து வயலின் வாசிப்பவர்களையும் பாடுபவர்களையும் எடுக்கத்தான் யாருமில்லை. நான் அவர்களையே எடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர்களில் ஒருவர், மலாய் பேசும் பழைய தமிழ் வம்சத்தார் வாழும் கிராமமான கம்போங் செட்டியைச் சேர்ந்த பாடகி. டொண்டாங் சாயாங் என்னும் மலாய்ப் போட்டிப் பாட்டு பாடுவார். ஓர் ஆண் நான்கு வரி பாடி வம்புக்கு இழுப்பார். அந்த இடத்திலேயே வரி கட்டி இவர் திருப்பிக் கொடுப்பார். கூட்டம் குலுங்கிச் சிரிக்கும்.

அந்தப் படங்களைப் பார்த்துத்தான் சிங்கப்பூர் சினிமா கம்பெனி ஒன்று என்னைக் கூப்பிட்டது. சில வருஷம் ஸ்டில் போட்டோ, பிறகு உதவி இயக்குநர் வேலை. மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயாவின் சுதந்திரத்துக்கு, கொஞ்சம் முன்னால் ஒரு மலாய்ப் படத்தை இயக்கும் வாய்ப்பு வந்தது. நாயகிக்குப் பின்னணி பாட அந்தப் பாடகி அக்காவை அழைத்து வந்தேன்.

ஆண் குரலை ஏற்கெனவே பதிவு செய்துவிட்டார்கள். அது ஒலிபெருக்கியில் ஓடி முடிந்ததும், எழுதிக் கொடுத்த வரிகளை அக்கா பாட வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தது. ஆண் குரல் நின்றது. அக்கா வாயே திறக்கவில்லை. மறுபடி ஓட்டினோம். அப்போதும் அப்படியே.

நான் உள்ளே போனேன்.

“வரி மறந்துபோச்சா அக்கா?”

அவர் பேசுவது மலாய்தான். ‘தம்பி’ மட்டும் தமிழில் வரும்.

“மறக்கல தம்பி. அந்த ஆளு என்னை எதுவும் கேட்கலையே. நான் யாருக்குப் பதில் சொல்றது?”

பாடியவரை நேரில் வரவழைக்கலாமா என்று கம்பெனி மேனேஜரிடம் கேட்டேன். அவரும் தமிழர், தன்மையானவர்.

“அவரு வேற படத்துல இருக்காரு சார். சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும். இன்னொரு பொண்ணுக்கு ஏற்கெனவே சொல்லி அனுப்பிட்டேன்.”

வேறு வழி தெரியாமல், என் கட்டைக் குரலில் ஆண் வரிகளை நானே அவர் முன் நின்று பாடினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே பாடினார். ‘ஜோகூர் பாலம் தாண்டிக் கூட்டி வந்தாய், என் குரலுக்கு இடம் வைத்தாய், எனக்கு எங்கே வைத்தாய்?’ என்ற பொருளில் அவரே கட்டிய வரிகள். அவர் அவ்வளவு நன்றாகப் பாடி நான் கேட்டதில்லை.

“நல்லாருக்கு,” என்றார் மேனேஜர். “ஆனா கதையில இது இல்லையே சார்.”

அந்த இன்னொரு பெண் வந்து எழுதியபடியே பாடிக் கொடுத்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்து நான்தான் ‘ஓகே’ சொன்னேன்.

பேருந்து நிலையத்தில் அக்கா என்னைத்தான் தேற்றினார். “உன் வேலைய நீ பாரு தம்பி.”

மெர்டேக்காவுக்குப் பிறகு படம் மலாக்காவில் ஓடியது. கம்போங்கே திரண்டு போய், திரையில் கேட்பது அவர் குரல் என்று நினைத்துக் கைதட்டியதாம். வெளியே வந்த பிறகு, தமக்குத் தொண்டை கட்டியிருந்ததால் வேறொருத்தி பாடினாள் என்று அவரே சொல்லியிருக்கிறார். அக்காவோடு பந்தலில் வாசிக்கும் வயலின்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குள் என் அடுத்த படத்தின் பாட்டையும் அதே பெண்ணை வைத்துப் பதிவு செய்து முடித்திருந்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.