ஏழாவது சீட்டு

அன்பரசிக்கு வயிறெரிச்சல் வந்தால் சாம்பாரில் உப்பு கூடிவிடும். அந்தத் தை மாசம் முழுக்க அவள் வைத்த சாம்பாரை மகள் தமிழினியால் வாயில் வைக்க முடியவில்லை. காரணம் வேறொன்றுமில்லை, ஓரகத்தி வளர்மதி ஐரோப்பாவுக்குப் போகப்போகிறாள். ஜெர்மனியில் வேலை பார்க்கிற அவள் மகன் மதிவாணன், கார் வாடகைக்கு எடுத்து நாலு நாட்டை ரோடு வழியாகவே சுற்றிக் காட்டப்போகிறானாம்.

யார் போவது? வளர்மதி! இங்கிருக்கிற வேப்பூர் போய்ச் சேர்வதற்குள் பஸ் ஜன்னலில் தலையை நீட்டி ஓங்கரிக்கிறவள். கொழுந்தன் குருமூர்த்தி மட்டும் என்ன, ரயில்வேயில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு, பாஸ் கையில் இருந்தும் திருப்பதிக்கு அந்தப் பக்கம் போகாத மனுஷன். இவர்களுக்கு ஐரோப்பா! நினைக்க நினைக்க அன்பரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊர் ஊராய்ப் போவதற்கென்றே பிறந்தவள் என்றால் அது அன்பரசிதான், சும்மா சொல்லக்கூடாது. புருஷன் கொளஞ்சிநாதன் செராமிக் கம்பெனியில் சூளை வேலை பார்த்தான். அவளும் அங்கேயே பேக்கிங் பிரிவில் பதினோரு வருஷம் வைக்கோல் வைத்துக் கப்பும் பொம்மையும் அடுக்கினாள். பெட்டிமேல் ஒட்டுகிற ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாய் வாசித்துப் பார்ப்பாள். கொளஞ்சிநாதன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்த பிறகு, அழுது முடித்து, வேன் ஒன்றை வாடகைக்குப் பேசி, தெருப் பெண்களை நவக்கிரகக் கோயில்களுக்குக் கூட்டிப் போனாள். எட்டு வருஷத்தில் 'டூர் அன்பரசி வூடு' என்றால் ஜங்ஷன் ஆட்டோக்காரர்கள் நேரே வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள்.

அவள் டூரில் ஒரு சட்டம் உண்டு. எத்தனை பேர் வந்தாலும் ஒரு சீட்டு சாமானுக்கு. சாம்பார் வாளி, புளிசாதக் குண்டான், தண்ணீர் கேன் எல்லாம் அந்தச் சீட்டில்தான் கயிறு போட்டுக் கட்டி உட்கார்ந்து வரும். ஒரு தடவை கொல்லிமலை வளைவில் சாம்பார் சாய்ந்து ஒரு டீச்சரம்மா பட்டுப்புடவை பாழானதிலிருந்து வந்த சட்டம். மற்ற சீட்டெல்லாம் வந்தவர்களுக்கு. அன்பரசி கதவோரம் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஊர் ஊராய்ப் போய் வருவாள்.

மதிவாணன் அவளுக்குத்தான் போன் செய்தான். "பெரியம்மா, ரூட்டு நீங்கதான் போட்டுத் தரணும். அம்மாவயும் அப்பாவயும் வெச்சிகிட்டு எங்க நிறுத்தணும், எவ்வளவு நேரம் ஓட்டணும், எனக்கு ஒண்ணும் புரியல. சண்முகப்ரியாவோட அப்பா அம்மாவும் வராங்க."

சண்முகப்ரியா அவன் பெண்டாட்டி. அன்பரசி விரல் விட்டு எண்ணினாள். "அப்ப ஆறு பேரு. என்னா வண்டி?"

"ஏழு சீட்டு வண்டி பெரியம்மா."

அவ்வளவுதான் சொன்னான். ஆறு பேர், ஏழு சீட்டு. போனை வைத்த நிமிஷத்திலிருந்து அன்பரசிக்கு அந்த ஒரு சீட்டைத் தவிர வேறு நினைப்பில்லை. ரூட்டு போடுகிறவளை விட்டுவிட்டா போவார்கள்? வாய்விட்டுக் கேட்க அவளுக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. அவர்களாகக் கூப்பிடட்டும். கூப்பிடும்போது பாஸ்போர்ட் இல்லையென்று நிற்கக்கூடாது. அதனால் யாருக்கும் சொல்லாமல் பிரௌசிங் சென்டரில் எழுதிப் போட்டு, கடலூருக்குப் போய்க் கைரேகை வைத்து வந்தாள். விசாரிக்க வந்த போலீஸ்காரரைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்புஜவல்லி எட்டிப் பார்த்தபோது, "வேன் விஷயமா வந்தாங்க" என்று சொல்லிச் சமாளித்தாள். புத்தகம் வந்ததும் கைப்பைக்குள், டூரில் குமட்டுகிறவர்கள் மோந்து பார்க்க வைத்திருக்கும் எலுமிச்சம்பழத்துக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு ரூட்டு. எண்பது பக்க நோட்டில் எழுதினாள். ஜெர்மனியில் கிளம்பி, சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஆஸ்திரியா, திரும்ப ஜெர்மனி. ஒரு நாளைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. குருமூர்த்திக்குச் சர்க்கரை இருப்பதால் ஒன்றரை மணிக்கு ஒரு தரம் கக்கூஸ் இருக்கிற பெட்ரோல் பங்க். "பர்மிட்டு எங்கடா எடுக்கணும்?" என்று போனில் மதிவாணனைக் கேட்டாள். "எல்லையில எப்பனா ஒருதரம்தான் நிறுத்துவாங்க பெரியம்மா, ரோட்டு வரிக்குக் கண்ணாடியில ஒரு ஸ்டிக்கர் ஒட்டணும்" என்றான். ஆந்திரா எல்லையில் வேன் பர்மிட்டுக்காக வெயிலில் நின்றதெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்து, அதற்கும் சேர்த்து வயிறு எரிந்தது. பதினேழு கிலோமீட்டருக்கு ஒரு சுரங்கப்பாதை வரும் என்றான்.

"யம்மாடி! கருவேப்பிலங்குறிச்சி போற தூரம் இருக்குமேடா. உங்கம்மா கத்துவா. அதுக்கு முன்னாடி அவளுக்குச் சாப்பாடு குடுக்காத."

சீட்டுப் படம் போட்டபோது வளர்மதியைக் கடைசி வரிசையில் எழுதினாள். குலுக்கலில் குடல் வெளியே வரட்டும் என்றுதான் எழுதினாள், ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது. அரைமணி நேரம் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். அப்புறம் தொழில் புத்தி விடவில்லை. ஒருத்தி வாந்தியெடுத்தால் நாலு பேர் எடுப்பார்கள். எழுதியதை அடித்துவிட்டு முன் சீட்டைக் கொடுத்தாள். ஏழாவது கட்டத்தில் மட்டும் பெயர் எழுதாமல் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள்.

மாசி மகம் முடிந்த மறுநாள் வளர்மதி வந்தாள். புதுக் குளிர் கோட்டை அந்த வெயிலில் போட்டுக் காட்டினாள். "எப்பிடிக்கா இருக்குது?"

"கரடி மாதிரி இருக்குது."

வளர்மதி சிரித்தாள். "உங்களுக்கு அங்கேருந்து பெரிய சாக்லேட்டு பாக்கெட்டா வாங்கிட்டு வரேன்க்கா."

சாக்லேட்டு! அப்படியென்றால் நான் இங்கே வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கவேண்டும், நீ பாக்கெட்டோடு வந்து இறங்குவாய். அன்பரசிக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது.

வளர்மதி நோட்டை எடுத்துச் சீட்டுப் படத்தைப் பார்த்தாள். புள்ளி வைத்த கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு பேச்சை இழுத்தாள். "ஏன்க்கா... இந்த ஏழாவது சீட்டு சும்மாதான இருக்குது... அத..."

"சும்மா என்னா சும்மா?" அன்பரசி வெடுக்கென்று நோட்டைப் பிடுங்கினாள். "எட்டு வருஷமாச் சொல்லிகிட்டு இருக்கேன், ஒரு சீட்டு சாமானுக்கு விடணும்னு. குக்கரு, அரிசி, ஊறுகாய் எல்லாம் உன் தலையிலயா வெச்சிகிட்டுப் போவ? இதுகூடத் தெரியாம ஐரோப்பா போறாளாம்!"

புள்ளியின்மேல் பேனாவால் 'சாமான்' என்று எழுதிக் கொடுத்தாள். வளர்மதி எதற்கோ வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். "சரிக்கா" என்று சொல்லிக் கோட்டைக் கழற்றி மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

பங்குனியில் அவர்கள் விசாவுக்குக் கைரேகை வைக்கச் சென்னைக்கு ரயிலேறியதை அம்புஜவல்லி வந்து சொன்னாள். அன்பரசி பழமலைநாதர் கோயிலுக்குப் போய் அரைமணி உட்கார்ந்து, எனக்கு என்ன குறைச்சல், அவளிடம் என்ன இருக்கிறது என்று சாமியிடமே சண்டை பிடித்தாள். ஆனாலும் பாஸ்போர்ட்டைக் கைப்பையிலிருந்து எடுக்கவில்லை.

சித்திரைக் கடைசியில் அவர்கள் கிளம்புகிற நாள். அன்பரசி புளிக்காய்ச்சல் டப்பாவோடு போனாள். எரிச்சலை எரிச்சலாக வைத்துக்கொண்டே நல்லெண்ணெய் தாராளமாக விட்டுச் செய்த புளிக்காய்ச்சல். குருமூர்த்தி பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். வளர்மதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"நீங்க இல்லாம எப்பிடிப் போவப்போறேன்னு தெரியலக்கா. மதி உங்களுக்கோசரந்தான் ஏழு சீட்டு வண்டி சொன்னான். உங்க கொழுந்தனாருதான், 'சமைக்கக் கூப்புடுறோம்னு நெனச்சிக்குவாங்க, மொதல்ல அண்ணிக்கு ஆசை இருக்குதான்னு பதமாக் கேளு'ன்னாரு. அன்னிக்கு அதுக்குத்தான்க்கா வந்தேன். பயத்துல வாய்க்கு வந்தபடி கோட்டு, சாக்லேட்டுன்னு பேசிட்டேன். சீட்ட சாமானுக்குன்னு நீங்களே எழுதிட்டீங்க. இஷ்டமில்ல போலிருக்குதுன்னு விட்டுட்டோம்."

அன்பரசியின் கை தானாகக் கைப்பைமேல் போனது. எலுமிச்சம்பழத்துக்கு அடியில் கெட்டி அட்டை தட்டுப்பட்டது. எடுத்துக் காட்டி என்ன செய்வது? விசா இல்லை, விமானமோ விடியக்காலை.

"எனக்கு எங்கடி நேரம் இருக்குது? அடுத்த வாரம் டூரு," என்றாள். நாலு எலுமிச்சம்பழத்தை எடுத்து வளர்மதியிடம் கொடுத்தாள். "மோந்துகிட்டே போ. போயிட்டு வாங்க."

அடுத்த வாரம் கும்பகோணத்துப் பக்கம் ஒரு சத்திரத்தில் பந்தி முடித்து, பெண்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அன்பரசியின் போனில் ஒரு படம் வந்தது. சுவிட்சர்லாந்து ரோடு. காரின் கடைசி சீட்டில், ஜன்னலோரமாக, சிவப்பு மூடி போட்ட ரைஸ் குக்கர். குறுக்கே சீட் பெல்ட். வெளியே வெள்ளை வெளேரென்று பனிமலை. கூடவே வளர்மதியின் குரல்: "அக்கா, பெல்ட்டு போடலன்னா வண்டி கீச்சு கீச்சுன்னு கத்துதுக்கா. அதான் குக்கருக்கும் போட்டுட்டோம்!"

படத்தை விரலால் பெரிசாக்கிப் பார்த்தாள். குக்கருக்கு நல்ல ஜன்னல். மலை முழுசாகத் தெரியும். வளர்மதிமேல் பொறாமைப்பட்டதுகூடப் பரவாயில்லை, ஒரு அரிசிச் சட்டியைப் பார்த்து வயிறெரிந்த பொம்பளை உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்று தோன்றியது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது.

"மூடிய இறுக்கிப் போடு. சுரங்கத்துக்கு முன்னாடி ஒண்ணும் சாப்புடாத," என்று பதில் பேசி அனுப்பிவிட்டு வேனில் ஏறினாள். சாமான் சீட்டிலிருந்த சாம்பார் வாளியின் கயிற்றை அவிழ்த்துத் தூக்கிக் கீழே வைத்தாள்.

டிரைவர் பழமலை திரும்பிப் பார்த்தான். "என்னாக்கா பண்றீங்க? கீழ வெச்சா சாஞ்சிடும்."

"சாயட்டும்."

முந்தானையால் சீட்டைத் துடைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். எட்டு வருஷமாக அவள் உட்கார்ந்து வந்த முக்காலி கதவோரம் காலியாகக் கிடந்தது.

"வண்டிய எடுடா," என்றாள்.