ஹோஸ்ட்னா தலைவர் இல்லண்ணே

ஹோஸ்ட் இல்லாம வீடியோ மீட்டிங் நடத்திக் குடுக்கறதுதான் என் தொழிலே, அதப் போயி பதவித் திருட்டுன்னு சொன்னா எப்படிண்ணே? திருடறதா இருந்தா நல்ல பதவியாப் பாத்துத் திருடமாட்டேனா? பொங்கலுக்கு நாற்காலி அடுக்கி, தீபாவளிக்கு பந்தல் கட்டி, எல்லாருகிட்டயும் திட்டு வாங்கற பதவி எனக்கு எதுக்கு?

குணா அண்ணே, நீங்க நம்ம தோட்டத்துக் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவரு. நான் கோலா சிலாங்கூர்ல டிப்ளோமா படிக்கற பொண்ணு. அதுக்காக வாட்ஸ்அப் குரூப்ல நீங்க என்ன எழுதுனாலும் தலைய ஆட்டிட்டுப் போயிருவேன்னு நெனச்சீங்களா? நீங்க இல்லாம நடந்த மீட்டிங் செல்லாதாம். அதுல எடுத்த முடிவும் செல்லாதாம். அப்போ சனிக்கிழம சாயங்காலம் எஸ்.பி.எம். பரீட்ச எழுதற பிள்ளைங்க டியூஷனுக்கு பாலாய் ராயாவத் தொறந்துவிடணும்னு எல்லாரும் கை தூக்குனாங்களே, அது என்னாகறது? அது பொது மண்டபந்தானே? சாவி மட்டும் ஏன் உங்க லோரியிலயே ஊரச் சுத்துது?

படிக்கறவங்களே, உங்களத்தான். வீட்டுல போன் செட்டிங் தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதானா? அப்போ என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். எங்க பக்கம் மீட்டிங்குக்கு லிங்க் போடற ஆளு ஒருத்தரு, ஆனா அந்த நேரத்துல அவரு ரவாங் பேக்டரியில ஷிப்ட்ல இருப்பாரு, இல்லன்னா லோரியில இருப்பாரு. அவரு வராட்டியும் மத்தவங்க உள்ள வர்றமாதிரி செட்டிங்க மாத்தி, இன்னொருத்தர மாத்து ஹோஸ்ட்டாப் போட்டு வைப்பேன். அவ்வளவுதான் வேல. சம்பளம்னு பெருசா இல்ல. கெரோப்போக் பொரிச்சுக் குடுப்பாங்க, மரவள்ளிக்கிழங்கு குடுப்பாங்க. ஆனா எனக்கு இந்த வேல ரொம்பப் பிடிச்சிருக்கு. ஏன்னு கேட்டா, கேளுங்க.

வாசல்ல நின்ன சம்பந்தி

பாகான் நக்கோடா ஓமார்ல ஒரு வீட்டுல பொண்ணு பாக்கற பேச்சு. மாப்பிள வீடு கோலா குபு பாரு. மழ, ரோட்டுல தண்ணி, அதனால மொதல்ல வீடியோவுல பாத்துக்கலாம்னு முடிவு. லிங்க் போட்டது பொண்ணோட அண்ணன். அவரு ஷிப்ட்ல மாட்டிக்கிட்டாரு. நான் எல்லாத்தயும் சரியா வச்சிட்டு வந்தேன்லா. இவரு ‘பாதுகாப்பா இருக்கட்டும்’னு எனக்குத் தெரியாம வெயிட்டிங் ரூம திரும்பத் தட்டி விட்டுட்டாரு. பொண்ணு வீட்டு ஆளுங்க முன்னாடியே உள்ள போயிட்டாங்க. மாப்பிள வீட்டுக்காரங்க பட்டு வேட்டி, பட்டுச் சேலையோட, ‘உங்கள உள்ள விடும் வரைக்கும் காத்திருக்கவும்’ங்கற எழுத்தையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காங்க.

நமக்கெல்லாம் தெரியுமே, சம்பந்தம் பேச வந்தவங்கள வாசல்ல நிக்க வச்சா அது எங்க போயி முடியும்னு! நான் அந்த அண்ணனுக்கு போன் மேல போன் அடிச்சு, அவரு டாய்லெட்டுக்குள்ள போயி நின்னு எல்லாரையும் உள்ள விட்டாரு. ஒருவழியா பொண்ணப் பிடிச்சிருச்சு, சிரிப்பும் வந்திருச்சு, கல்யாணமும் முடிவாயிருச்சு. கடைசில மாப்பிளயோட அம்மா கேமராவுக்குப் பக்கத்துல மூஞ்சியக் கொண்டாந்து சொன்னாங்க: “பொண்ணு தங்கமா இருக்கா. எல்லாம் சரி, நாங்க வெளிய நிக்கறப்போ நீங்க உள்ள பசியாறிட்டீங்களா?”

வணக்கம் சொல்ல ஆள் இல்ல

ராசா டவுன்ல ஒரு மாதர் குழு, தையல் ஆர்டர் எடுத்துச் செய்யறவங்க. தலைவி சாந்தா அக்காவுக்கு அன்னிக்கு பஸ் லேட்டு. பரவால்ல, செட்டிங் எல்லாம் பக்காவா இருக்குன்னு நான் தைரியமா வீட்டுல ஒக்காந்து பாக்கறேன். எல்லாரும் டக்கு டக்குன்னு உள்ள வந்துட்டாங்க. படமும் தெளிவு, சத்தமும் தெளிவு. ஆனா ஒருத்தரும் வாயத் தொறக்கல! எல்லாரும் எல்லாரையும் பாத்துக்கிட்டு, பாஸ்போர்ட் படம் எடுக்க ஒக்காந்தவங்க மாதிரி ஒக்காந்திருக்காங்க. ஒரு அக்கா பின்னால கோழி கூவுது, அதுமட்டுந்தான் மீட்டிங்ல பேசுச்சு.

லைன்தான் போச்சோன்னு நான் பயந்துபோயி செயலாளர் அக்காவக் கூப்பிட்டேன். “கேக்குதாக்கா? உள்ளதான் இருக்கீங்க, பேசுங்க”ன்னேன். எனக்குக் கோவம். மீட்டிங் ஆப்பு கதவத் தொறந்துவிட்டாலும் இவங்க உள்ள வந்து நிலையிலயே நிக்கறாங்கன்னு. அதுக்கு அவங்க நிதானமா சொன்னாங்க: “கதவு தொறந்திருந்தா போதுமாம்மா? தலைவி வந்து மொதல் வணக்கம் சொல்லணும், அப்பறந்தானே நாங்க திருப்பிச் சொல்றது?”

அன்னிலருந்து எங்க போனாலும், மாத்து ஹோஸ்ட் மட்டும் போதாது, மொதல் வணக்கம் யாரு சொல்றதுன்னு கேட்டு வச்சுக்குவேன். எந்த செட்டிங்லயும் இது கெடயாது. இப்போ ராசாவுல சாந்தா அக்கா வந்தாலும் வராட்டியும் ஆர்டர் பிரிச்சு முடிச்சிருவாங்க. நாந்தான் தேவையில்லாத ஆளாயிட்டேன், அதுல எனக்குச் சந்தோசந்தான்.

சிவப்பு பட்டன்

ஒரு பேர் வைக்கற சடங்கு. சொந்தக்காரங்க பாதிப்பேரு வீடியோவுல. எல்லாம் முடிஞ்சு, பிள்ளையோட அப்பா ஹோஸ்ட், மத்தவங்க பேசட்டும்னு பெருந்தன்மையா வெளிய போயிட்டாரு. மீட்டிங் ஓடுது. ஓடுது. இன்னும் ஓடுது. மத்தவங்க எல்லாரும் போயிட்டாங்க, பிள்ளையோட அத்த மட்டும் சேலைய இழுத்து விட்டுக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. எதுக்க ஆளே இல்ல.

போன்ல கூப்பிட்டு, “அத்த, எல்லாம் முடிஞ்சிருச்சு. கீழ சிவப்பா இருக்குல்ல, அத அமுக்குங்க”ன்னேன். அந்த ஆப்ப நாந்தான் தமிழ்ல வச்சுக் குடுத்திருந்தேன், பெருமையா. அதுல பளிச்சுன்னு ‘வெளியேறு’ன்னு போட்டிருக்கு. அத்தக்கு அதுதான் பிரச்சனை. “பச்சப் பிள்ளைக்குப் பேரு வச்சிருக்கோம், நல்ல காரியம். வெளியேறுன்னு வெரட்டறான், நான் ஏன் அமுக்கணும்? ‘போய்ட்டு வாங்க’ன்னு மாத்தி எழுதச் சொல்லு, அமுக்கறேன்.”

கை தூக்குன மீட்டிங்

இப்போ உங்க விசயத்துக்கு வரேண்ணே. அன்னிக்கு உங்களுக்கு லோட் வந்துச்சு, கிள்ளானுக்குப் போயிட்டீங்க. ‘நீங்க ஆரம்பிங்க, நான் வழியில சேந்துக்கறேன்’னு குரூப்ல எழுதுனது நீங்கதானே? அதனாலதான் வசந்தி டீச்சர மாத்து ஹோஸ்ட்டாப் போட்டேன். டியூஷன் எடுக்கறது அவங்கதான். இப்போ அவங்க வீட்டுல காடி நிறுத்தற எடத்துல பாய் போட்டு எடுக்கறாங்க. மழ வந்தா கணக்கு புத்தகத்தத் தூக்கிக்கிட்டு பிள்ளைங்க செவுத்தோட ஒட்டி நிக்கும். அதுல என் தங்கச்சியும் ஒருத்தி, அதனாலதான் எனக்கு இவ்வளவு சூடு. மறைக்கல.

மீட்டிங்ல மொதல் வணக்கம் உங்க வீட்டு அண்ணிதான் சொன்னாங்க, கேட்டுப் பாருங்க. பாலாய் ராயா விசயம் வந்துச்சு. எல்லாரும் கை தூக்குனாங்க, அண்ணியும் தூக்குனாங்க. அப்பறந்தான் நீங்க செம்பனைக்காட்டு நடுவுலருந்து போன்ல உள்ள வந்தீங்க. உங்க மீட்டிங் கணக்கு வீட்டு லேப்டாப்ல கெடக்குது, போன்ல வெறும் விருந்தாளியாத்தான் வர முடியும். திரையப் பாத்தீங்க. வசந்தி டீச்சர் பேருக்குப் பக்கத்துல ஹோஸ்ட். உங்க பேருக்குப் பக்கத்துல ஒண்ணுமில்ல. பதவி போச்சுன்னு முடிவு பண்ணிட்டீங்க! மூஞ்சி செவந்து, கைய ஆட்டி ஆட்டி ரொம்ப நேரம் பேசுனீங்க. மியூட்ல இருந்தீங்கண்ணே. என்ன சொன்னீங்கன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. போய்ட்டு வரேன்னு சொல்றீங்களாக்கும்னு நெனச்சு நாங்க எல்லாரும் கை ஆட்டுனோம்.

தலைவர் பதவி ஆளுங்க ஓட்டுப் போட்டுக் குடுத்தது. அத ஒரு ஆப்பு எடுத்துக்க முடியுமா? ஹோஸ்ட்னா கதவத் தொறந்து, வாங்கன்னு சொல்லி, சத்தம் போடறவங்கள அமத்தற ஆளு. கல்யாண வீட்டுல செருப்பு பாத்துக்கற பையனுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. உங்க பேருக்குப் பக்கத்துல ஹோஸ்ட்னு போடணுமா? சொல்லுங்க, நானே லேப்டாப்ல தட்டி, பெரிய எழுத்துல போட்டுத் தரேன். ஒரு முழு சனிக்கிழம வச்சுக்குங்க, அழகு பாத்துக்குங்க. வசந்தி டீச்சர்கிட்டயும் இதச் சொன்னேன், அண்ணனுக்கே திருப்பிக் குடுத்துரலாமான்னு. அவங்க பிள்ளைங்களோட விடைத்தாளத் திருத்திக்கிட்டே, தலையக்கூட நிமித்தாம சொன்னாங்க: “தாராளமாக் குடும்மா. அவருக்கு ஹோஸ்ட் போதும்னா, எனக்குச் சாவி போதும்.”

ஆளே இல்லாம மீட்டிங் நடத்தற வித்தையக் கத்துக்கிட்ட எனக்கு, இருக்கற ஆளு வாயிலருந்து ஒரு பதில் வாங்கற வித்ததான் இன்னும் தெரியல, அதனால எனக்குத் தனியா மெசேஜ் போடாம, அண்ணிகிட்ட சொல்லி அனுப்பாம, குரூப்ல எல்லாரும் பாக்கற எடத்துல எழுதுங்கண்ணே: வர்ற சனிக்கிழம பாலாய் ராயாவத் தொறக்கறீங்களா, இல்லையா?