மரி என்றால் வா

இடுப்பெலும்பு முறிந்து ஆப்பரேஷன் முடிந்த நான்காவது வாரம், அம்மாவுக்கு மறுபடி நடக்கப் பழக்குவதற்காக ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன். பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு பக்கமும் இரும்புக் கம்பிகள். அந்தக் கோடியில், பயிற்சி கொடுக்கும் மலாய்ப் பெண் நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கும், நல்ல பொறுமைசாலி. இந்தக் கோடியில் சக்கர நாற்காலியோடு நான்.

அம்மா நான்கு எட்டு வைத்தாள். அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு கைகளையும் நீட்டி, "மரி, ஆன்ட்டி, மரி!" என்றாள்.

மலாயில் அதற்கு 'வா' என்று அர்த்தம். பேராக் மாநிலத்தில் பிறந்த எந்தத் தமிழனுக்கும் தெரிந்த சொல்.

அம்மா நின்றுவிட்டாள். கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயின. திரும்பாமலே என்னிடம், "அந்த வார்த்தய சொல்ல வேணாம்னு சொல்லு அவகிட்ட" என்றாள். சொன்னேன். அந்தப் பெண்ணும் ஏன் என்று கேட்காமல் தலையசைத்தாள். ஆனால் அன்றைக்கு அம்மா அதற்கு மேல் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் தாப்பா நகருக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் மலாய்க்காரர்களின் கிராமம், கம்பம் என்போம். இடையில் ஒரே பாலம்; இரண்டு தென்னை மரங்களைப் போட்டு, ஒரு பக்கம் மட்டும் கயிறு கட்டியிருப்பார்கள். அப்பா காலையில் ரப்பர் மரங்களில் பால் வெட்டிவிட்டு, மத்தியானத்துக்கு மேல் அக்கரைக்குப் போய் வேலி கட்டுவார், கூரை மாற்றிக் கொடுப்பார். மலையில் பெருமழை பெய்த ஒரு நாள் அவர் திரும்புவதற்குள் ஆறு ஏறிவிட்டது. அப்போது எனக்கு எட்டு வயது. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் காய்ச்சலாகப் படுத்திருந்தேன். அப்பாவைப் பார்த்து வர ஆற்றங்கரைக்குப் போன அம்மா, சேலை முழுக்கச் சேறாகத் தனியே திரும்பி வந்தாள். அப்பாவைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது.

அம்மா எல்லோரிடமும் சொன்னது ஒன்றுதான். "அக்கரையில நின்னு அந்தப் பொம்பள மரின்னா. மரி மரின்னு கத்துனா. அவரு போயிட்டாரு."

அந்தப் பொம்பளை, தோட்டத்துக்குச் சைக்கிளில் பலகாரம் கொண்டுவந்து விற்கும் மலாய்க்காரி. அதற்குப் பிறகு அவள் எங்கள் லயத்துப் பக்கம் வரவே இல்லை.

நாங்கள் கிறிஸ்தவர்கள். சுற்றியிருந்த வீடுகளில் யாராவது இறந்தால் செத்துட்டாரு, தவறிட்டாரு என்பார்கள். அவர்கள் வாயில் மாரி என்றால் அம்மன், இல்லாவிட்டால் மழை. எங்கள் வீட்டிலோ தினமும் வேதாகமம் வாசிப்பார்கள். அதில் மனிதர்கள் மரித்தார்கள். அதனால் அந்தச் சொல் அம்மாவுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சாபமாகக் கேட்டிருக்கும். எங்கள் வீட்டுக்குள் அந்தச் சொல் அதற்கப்புறம் நுழையவில்லை. மலாய்ப் பள்ளித் தோழி வாசலில் நின்று "மரி!" என்று என்னைக் கூப்பிட்டால், அம்மா எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

பின்னாளில் நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் ஆனேன். இருபத்தேழு வருடம் மலாயைத் தமிழாகவும் தமிழை மலாயாகவும் மாற்றிச் சொல்லிச் சம்பளம் வாங்கினேன். சாட்சிக்கூண்டில் யாராவது "மரி" என்றால் என் நாக்கு அரை விநாடி நிற்கும். பிறகுதான் 'வா' என்று வரும். அகராதிகளிலும் தேடியிருக்கிறேன். மலாய்ச் சொல் வெறும் அழைப்பு. தமிழ்ச் சொல் மரணத்தோடு பிறந்தது, வடக்கிலிருந்து வந்தது, அதன் உறவுகள் ஐரோப்பா வரைக்கும் போய் அங்கேயும் சாவைத்தான் குறிக்கின்றன. இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஒருநாள் நீதிமன்ற வராந்தாவில், வெளிநாட்டில் படித்து வந்த ஒரு வழக்கறிஞரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "பிரெஞ்சுல மரின்னா புருஷன், தெரியுமா?" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வா, செத்துப்போ, புருஷன். அன்றைக்குப் பிற்பகல் விசாரணை முழுவதும் அந்த மூன்றும் என் காதுக்குள் ஒரே குரலில் சுற்றிக்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியிலிருந்து புந்தோங்கிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் கட்டிலில் உட்கார வைத்தேன். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நடக்காவிட்டால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஏம்மா, ஒங்களுக்கு மலாய் தண்ணிபட்ட பாடு. மரின்னா வான்னு தெரியாதா?"

"தெரியும் லா."

"அந்தம்மா அப்பாவ கூப்பிட்டிருக்காங்க. அவ்வளவுதானே?"

அம்மா மடியிலிருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அவரு பாலத்துல அவ பக்கந்தான் இருந்தாரு. ரெண்டு மூனு எட்டுதான் வந்திருப்பாரு. மேலேருந்து ஒரு பெரிய மரம் அடிச்சிட்டு வந்துச்சு. என் பக்கத்துலேருந்து பாத்தா தெரியாது, ஆத்து வளைவு மறைச்சிரும். அவளுக்குத் தெரிஞ்சுச்சு. அதான் மரி மரின்னு கத்துனா. அவரும் அவ பக்கமா திரும்பிட்டாரு."

"அப்புறம்?"

"நான் வாங்கன்னேன்."

நான் கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

"ஏன் திரும்பிப் போறாருன்னு எனக்குக் கோவம். இங்க வாங்க, சீக்கிரம் வாங்கன்னு கத்துனேன். ரெண்டு பேரும் ஒரே வார்த்தயத்தான் கத்துனோம், புள்ள. அவரு என் பக்கம் திரும்புனாரு." துண்டைக் கட்டிலில் வைத்தாள். "அவ சொன்னத தமிழ்ல சாபமா கேட்டாத்தான் என்னால சோறு திங்க முடிஞ்சுச்சு."

அந்தச் சனிக்கிழமை காலை நான் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு பழைய தோட்டத்துக்குப் போனேன். ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. ஆற்றின் மேல் சிமெண்டுப் பாலம். கம்பத்தில் விசாரித்தபோது, பலகாரம் விற்ற அந்தம்மா இறந்து பல வருடமாகிவிட்டது என்றும், மகள் சாலையோரம் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுக் கடை வைத்திருப்பதாகவும் சொன்னார்கள். மகளுக்கு என் வயது இருக்கும். நான் இன்னாரின் மகள் என்று சொன்னதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

மலாயில்தான் பேசிக்கொண்டோம். அவள் அம்மா இந்தக் கதையைச் சொல்லாத வருடமில்லையாம். "தண்ணீரில் இறங்கிக் கையைப் பிடித்திருக்கணும், நான் மரம் மாதிரி நின்று மரி மரி என்று கத்திக்கொண்டிருந்தேனே என்பார். அதற்குப் பிறகு எங்களைத் தூரத்திலிருந்து கூப்பிட்டதே கிடையாது. எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் பக்கத்தில் வந்து கையைப் பிடித்துத்தான் அழைத்துப் போவார். எங்களுக்கு வெட்கமாக இருக்கும்."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒன்று சொல்வார். உங்கள் அம்மாவின் குரல் கேட்டதும் உங்கள் அப்பா சிரித்தாராம். தண்ணீரையே மறந்த மாதிரி சிரித்துக்கொண்டு திரும்பினாராம்."

கிளம்பும்போது தன் தொலைபேசி எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். நாசி லெமாக் பொட்டலம் இரண்டும் கட்டிக் கொடுத்தாள்.

திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். இருபத்தேழு வருடத்தில் ஒரு சாட்சி சொன்னதில் ஒரு சொல்லை நான் விட்டதில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், அந்தம்மா தண்ணீரில் இறங்காமல் நின்றதற்காகக் கடைசிவரை வருந்தியதைச் சொன்னேன். பிள்ளைகளைத் தூரத்திலிருந்து கூப்பிடாததைச் சொன்னேன். அப்பா சிரித்ததைச் சொல்லவில்லை.

"எல்லாத்தயும் சொல்லிட்டியா?" என்று அம்மா கேட்டாள்.

"எல்லாத்தயும் சொல்லிட்டேன்மா."

மூன்றாம் நாள் காலைப் பசியாறல் முடிந்ததும், "அவ மக இருக்கால்ல, அந்தப் புள்ளைக்கு போன் போடு. நானே பேசறேன்" என்றாள்.

நானே பேசுகிறேன், என்ன வேண்டுமோ சொல்லுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். அம்மா தன் தோட்டத்து மலாயில் யாரென்று சொல்லிக்கொண்டாள். உன் அம்மா மேல் தப்பில்லை, நான்தான் ஊரெல்லாம் தப்பாகச் சொன்னேன், மன்னித்துக்கொள் என்றாள். அதை அவ்வளவு நேராகச் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிறகு அந்தப் பெண் பேச, அம்மா கேட்கும் முறை வந்தது. அந்தப் பக்கத்துக் குரல் எறும்பு ஊர்வதுபோல் மெல்லக் கேட்டது. ஒரு சொல்லும் எனக்குப் பிடிபடவில்லை. அம்மா "யா, யா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஓரிடத்தில் "யா" நின்றது. கண்ணை மூடிக்கொண்டாள். வெகுநேரம் கழித்துத்தான் நன்றி சொல்லித் தொலைபேசியை என்னிடம் நீட்டினாள்.

"என்னம்மா சொன்னாங்க?"

"ஒன்னுமில்ல லா. நீ சொன்னதத்தான் அவளும் சொன்னா."

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். நான்தான் பார்வையை எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அம்மா ஒரு வருடம்கூட இருக்கவில்லை. அந்தப் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. நாசி லெமாக் கடைக்காரியின் எண் என்னிடம் இருக்கிறது. அன்றைக்கு அந்தச் சிரிப்பையும் சொன்னீர்களா என்று கேட்டுவிடலாம்; ஒரு நிமிடம் ஆகாது. இதுவரை கேட்கவில்லை.