ஹன்னெகே வீட்டு முன்கதவு

சமையலறையில் கோப்பைகள் இடிபடும் சத்தம் கேட்டது. பின்கதவு வழியே டூன் வந்துவிட்டான். அந்த பிராபண்ட் கிராமத்தில் வேண்டியவர்கள் பின்கதவில்தான் வருவார்கள், முன்கதவு அந்நியருக்கு. முப்பது வருடமாக மணியடிக்காமல் நுழைந்து காப்பி போடும் உரிமை, பக்கத்து ஆட்டுப்பண்ணைக்காரனான அவனுக்கு உண்டு.

"என்ன காய்ச்சல் ராணி, படம் புடிச்சாங்களா? உள்ள பேய் இருக்குதாமா?" என்று காப்பியோடு கூடத்துக்கு வந்து உட்கார்ந்தான்.

ஹன்னெகே சிரிக்கவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டியவள்; ஏழு மாதக் காய்ச்சலில் மாடிப்படி ஏறவே திணறினாள். எந்தச் சோதனையிலும் காரணம் அகப்படவில்லை. மனக்கவலை என்றார்கள். டூனும் அதையேதான் சொன்னான்.

கடைசியில் அணு மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினார்கள். பட்டினி போட்டு, லேசான கதிர்வீச்சுள்ள சர்க்கரையை நரம்பில் ஏற்றி, ஒரு மணி நேரம் அசையாமல் படுக்கவைத்துப் படமெடுத்தார்கள். உடம்பு கிருமியோடு போராடும் இடம் சர்க்கரையை அள்ளிக்கொண்டு படத்தில் ஒளிருமாம். ஒளிர்ந்தது. முன்பொரு அறுவையில் அவள் வயிற்றின் பெரிய ரத்தக்குழாயில் வைத்த செயற்கைக் குழாயைச் சுற்றி, ஒரு நெருப்பு வளையம். அதன்பின் செய்த ரத்தச் சோதனை நோயின் பெயரைச் சொன்னது. குறைமாதத்தில் குட்டி வீசும் ஆட்டிலிருந்து, அதன் எரு வழியாகவும் பரவும் கியூ காய்ச்சல். ஒன்றரை வருடம் மாத்திரை. உயிருக்கு உத்தரவாதம் தர மருத்துவர் தயாராக இல்லை. ஆடுகளிடம் போனதுண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். வீடு திரும்பும் வழியில்தான் ரோஜாச்செடிகள் நினைவுக்கு வந்தன.

"டூன், போன வசந்தத்துல என் ரோஜாவுக்கு எரு கொண்டாந்தியே. அப்ப உன் ஆடுங்க குட்டி வீசிட்டு இருந்துச்சா?"

பிஸ்கட் டப்பாவைத் திறந்த கை நின்றது.

"நாப்பது குட்டி செத்துப் பொறந்துச்சு," என்றான் மெதுவாக. "ஊருக்குத் தெரிஞ்சா எல்லா ஆட்டையும் கொன்னுருப்பாங்க."

"நான் ஊரா, டூன்?"

அவன் டப்பாவை மூடி வைத்தான்.

"சொல்லாட்டி போவுது. அந்த எருவ ஏன் எனக்குக் குடுத்த?"

"வருஷா வருஷம் குடுக்குறதுதானே. இந்தத் தடவ குடுக்கலேன்னா ஏன்னு கேட்டிருப்ப."

அந்த எருவைக் கையுறைகூட இல்லாமல் அள்ளிப் போட்டதும், நன்றி சொல்லி அவனுக்கு ஆப்பிள் கேக் சுட்டுக் கொடுத்ததும் அவள் நினைவுக்கு வந்தன.

டூன் எழுந்து, பழக்கத்தில் சமையலறைப் பக்கம் திரும்பினான். ஹன்னெகே சுவரைப் பிடித்து நடந்து, துருவேறிய முன்கதவுத் தாழ்ப்பாளை இழுத்தாள்.

"இந்தப் பக்கம்," என்றாள்.

அவன் தலைகுனிந்து வெளியேறினான். அவள் கதவைச் சாத்தித் தாழிட்டாள்.