சரண்பூருக்குப் போன பார்ட்டி

1. பாயிண்ட்

டூரிஸ்ட் கார் ஓட்டுகிறவன் முதலில் பழக வேண்டிய வார்த்தை ‘பாயிண்ட்’. கேட்வே ஒரு பாயிண்ட், ஹேங்கிங் கார்டன் ஒரு பாயிண்ட். வண்டியை வாடகைக்கு எடுக்கிறவருக்குப் பெயர் ‘பார்ட்டி’. பார்ட்டியைப் பாயிண்டில் இறக்கி, திரும்ப ஏற்றி, ஓட்டலில் கொண்டுபோய் விட்டால் டியூட்டி முடிந்தது. அறுபதுகளில் பம்பாய் மாட்டுங்காவில் ஒரு கார் கம்பெனியில் எனக்கு இதுதான் வேலை. வீடு தாராவியில்.

ஒருநாள் சாயங்காலம் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவனை மேனேஜர் ராமசேஷன் உள்ளே கூப்பிட்டார். அவர் மேஜைக்கு எதிரே, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஓர் ஆப்பிரிக்கர் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். நல்ல உயரம். பெயர் டேனியல். மொம்பாசாவில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மகனை இங்கே காலேஜில் சேர்க்கக் கப்பலில் வந்தவருக்கு மறுநாள் ஒரு நாள்தான் மிச்சம். அதற்கடுத்த நாள் கப்பல் கிளம்புகிறது. அந்த ஒரு நாளில் நாசிக் பக்கம் சரண்பூருக்குப் போக வேண்டும் என்றார்.

மேனேஜர் தமிழில் என்னிடம் பொரிந்து தள்ளினார்.

“நாசிக்னா பஞ்சவடி காட்டலாம், கோதாவரி காட்டலாம். சரண்பூர்ல என்னப்பா இருக்கு? ஒண்ணும் கிடையாது. சொன்னாக் கேக்க மாட்டேங்கறார் மனுஷர். நீ ஒண்ணு பண்ணு துரைராஜ், ஏதாவது ஒரு பழைய சர்ச் முன்னாடி நிறுத்து. போட்டோ எடுத்துண்டு திருப்தியா வந்துடுவார்.”

“சரி சார்” என்றேன். எங்கள் தொழிலில் இது நடப்பதுதான். இடம் தெரியாவிட்டால் பழைய கட்டடமாகப் பார்த்து நிறுத்திவிடுவோம். பார்ட்டியும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போவார்.

2. காட் அடிவாரம்

விடியும்போதே கிளம்பிவிட்டோம். கசாரா காட் மலைப்பாதையில் ஏறுவதற்கு முன்னால் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்துவது எல்லா டிரைவருக்கும் வழக்கம். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு ஆளுக்கொரு டீ வாங்கினேன். அங்கே வைத்துத்தான் கேட்டேன், சரண்பூரில் அவருக்கு என்ன வேலை என்று. அவர் பேசியது இங்கிலீஷ். என்னுடையது பார்ட்டிகளிடம் பொறுக்கிய இங்கிலீஷ். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

அவருடைய தாத்தாவைச் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அடிமையாக விற்கப் பிடித்துப் படகில் ஏற்றிவிட்டார்கள். நடுக்கடலில் வெள்ளைக்காரன் கடற்படைக் கப்பல் அந்தப் படகை மறித்து, பிள்ளைகளை மீட்டு, பம்பாயில் கொண்டுவந்து இறக்கியது. இங்கிருந்து சில பேரைச் சரண்பூருக்கு அனுப்பினார்கள். அங்கே மிஷன்காரர்கள் அவர்களுக்கு ஒரு புகலிடம் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் அங்கேயே வளர்ந்து, தச்சு வேலை, கொல்லு வேலை படித்து, பெரியவர்களான பிறகு பல பேர் ஆப்பிரிக்காவுக்கே திரும்பிப் போனார்கள்.

“எங்க பக்கம் புது ஆளைப் பாத்தா முதல்ல கேக்கிறது, உன் ஊர் எதுன்னுதான்” என்றார் டேனியல். “தாத்தாவுக்குப் பொறந்த ஊர் பேர் தெரியாது. பிடிச்சுட்டுப் போனப்ப அவ்வளவு சின்னப் பிள்ளை. அவருக்குத் தெரிஞ்ச ஒரே ஊர் சரண்பூர். எங்க அப்பாவும் அதைத்தான் சொன்னார். நானும் அதைத்தான் சொல்றேன். கேக்கிறவங்க சிரிப்பாங்க. அந்த மண்ணில நாங்க யாருமே போய் நின்னதில்லை.”

“தாராவியிலயும் அதே கேள்விதான் சார்” என்றேன். எனக்கு ஊர் பேர் சொல்ல ஒரு நொடிகூட ஆகாது. கேட்வேயில் எத்தனையோ தடவை வண்டியை நிறுத்திவிட்டு, அந்தக் கடலைப் பார்த்தபடி கடலை கொறித்திருக்கிறேன். அதே கடல் வழியாகத்தான் பேர் தெரியாத ஊர்களிலிருந்து பிள்ளைகள் வந்து இறங்கினார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. டீ ஆறிப்போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

3. கைடு காட்டிய சர்ச்

நாசிக்கில் ஒரு லோக்கல் கைடு தானாக வந்து வண்டியில் தொற்றிக்கொண்டான். சரண்பூர் என்றதும் “மாலூம் ஹை சாப்”, தெரியும் என்று டவுனுக்குள்ளேயே ஒரு சர்ச் வாசலில் இறக்கி, “யஹி ஹை, இதுதான்” என்றான். டேனியல் தொப்பியைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சுற்றிப் பார்த்தார்.

“கிணறு எங்கே? கிணத்தடியிலதான் பசங்க ரொட்டி தட்டுவாங்கன்னு தாத்தா சொல்வார்.”

“பந்த் ஹோ கயா சாப். மூடியாச்சு.”

அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தொழிலின் குரல் அது. மேனேஜர் சொன்னபடி அங்கேயே டியூட்டியை முடித்திருக்கலாம். ஆனால் டேனியல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தான் நிற்பது அந்த மண்தானா என்று தெரியாமல் அவர் கப்பலேறுவதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. “பாய், இவர் போட்டோவுக்கு வந்த பார்ட்டி இல்ல” என்று கைடை அங்கேயே கழற்றிவிட்டேன். பிறகு குதிரை வண்டி ஓட்டும் டாங்காக்காரர்களிடம் விசாரித்து ஊருக்கு வெளியே போனோம்.

4. பாக்ரி

சரண்பூரில் ஒரு சர்ச்சும் சில ஓட்டு வீடுகளும் புதுக் கட்டடங்களும் இருந்தன. கடைக்காரரைக் கேட்டேன், ஒரு வாத்தியாரைக் கேட்டேன். ஆப்பிரிக்கப் பிள்ளைகளா, இங்கேயா என்று உதட்டைப் பிதுக்கினார்கள். வெளிச்சம் இருக்கும்போதே காட் இறங்க வேண்டும். டேனியலே சொல்லிவிட்டார்.

“போதும் துரைராஜ், திரும்பிடலாம்.”

வண்டி நின்ற இடத்துக்கு எதிர் வீட்டு முற்றத்தில், மண் அடுப்பின் முன்னால் வயதான அம்மா ஒருத்தி சோள ரொட்டியான பாக்ரி தட்டிக்கொண்டிருந்தாள். பெயர் சோனாபாய் என்று பிறகு தெரிந்தது. எங்களைப் பார்த்து, “ஜேவ்லாத் கா?” என்றாள். சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள். அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்த டேனியல், கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மாவைக் கேட்டுக் கையை நீட்டினார்.

ஆம்பிளை பாக்ரி தட்டவா என்று அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போனால் போகிறதென்று ஓர் உருண்டையைக் கொடுத்தாள். அவர் தட்டில் மாவைத் தூவி, உருண்டையை வைத்து, அந்தப் பெரிய கையால் சுற்றிச் சுற்றித் தட்டினார். ஓரம் ஓர் இடத்திலும் கிழியவில்லை. கல்லில் போட்டு, மேல் பக்கம் உள்ளங்கையால் தண்ணீர் தடவினார். தண்ணீர் வற்றியதும் திருப்பினார். கடைசியில் எடுத்துத் தணலில் சாய்த்து வைக்க, அது குப்பென்று உப்பியது. சோனாபாயின் சிரிப்பு நின்றுவிட்டது.

“யார் சொல்லிக் கொடுத்தது?” என்று மராத்தியில் கேட்டாள். நான் இங்கிலீஷில் சொன்னேன்.

“தாத்தா. எங்க வீட்ல அவர்தான் தட்டுவார்.”

“அவருக்கு யாரு?”

“இந்த ஊர்ல கத்துக்கிட்டார்.”

சோனாபாய் அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். “எங்க மாமியார் சொல்வாங்க” என்று ஆரம்பித்தாள். “அவங்க சின்னப் பொண்ணா இருந்தப்ப, ஹப்ஷிப் பசங்க பின்னாடி கிணத்தடியில வரிசையா உக்காந்து பாக்ரி தட்டுவாங்களாம். ஆம்பிளப் பசங்க தட்டுறதப் பாக்க இவங்கல்லாம் ஓடுவாங்களாம்.” ஆப்பிரிக்கர்களை அங்கே ஹப்ஷி என்பார்கள். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள்.

வீட்டுக்குப் பின்னால், புளிய மரத்தடியில் கிணறு இருந்தது. யாரும் மூடவில்லை. தண்ணீரும் இருந்தது. கைப்பிடிக் கல்லில் கயிறு உரசி உரசி விரல் ஆழத்துக்குப் பள்ளங்கள். டேனியல் மண்டியிட்டு ஒரு பள்ளத்தில் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை. கண்ணிலிருந்து தாரை தாரையாக ஓடியது. என் டியூட்டித் தொப்பியை எப்போது கழற்றினேன் என்றே தெரியவில்லை. சர்ச்சில் ஆராதனையில்கூட நான் அப்படி நின்றதில்லை.

வாளியோடு வந்த பக்கத்து வீட்டுக்காரி, அவரைப் பார்த்துவிட்டுச் சோனாபாயிடம் கேட்டாள், யார் இவர், எந்த ஊர் என்று.

“குட்லே காய்? ஆம்ச்யாச் காவ்சே!” என்று அதட்டினாள் சோனாபாய்.

டேனியல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க எந்த ஊருன்னு அந்தம்மா கேட்டுச்சு சார். எங்க ஊர்க்காரர்தான்னு இவங்க சொல்றாங்க.”

“இன்னொரு தடவை சொல்லு” என்றார்.

சொன்னேன்.

அவர் தட்டிய பாக்ரியைத் துணியில் சுற்றி, கப்பலில் சாப்பிடச் சொல்லிச் சோனாபாய் கொடுத்தாள். காட் இறங்கும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தார்.

5. டியூட்டி முடிந்து

இப்போது புதிதாக டூரிஸ்ட் வண்டி எடுக்கிற பிள்ளைகள் வந்து யோசனை கேட்கிறார்கள். பிரேக், டயர் எல்லாம் மெக்கானிக் சொல்லிக் கொடுப்பான். நான் சொல்வது ஒன்றுதான். பார்ட்டி ஓர் ஊர் பேரைச் சொன்னால், அங்கே ஒன்றும் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். கூட்டிக்கொண்டு போங்கள். கிடைக்கிறவரை விசாரியுங்கள்.

சரண்பூர் போய் வந்த மறுநாள், டேனியலைத் துறைமுகத்தில் விட்டுவிட்டு வண்டிச் சாவியைக் கொடுக்க ஆபீசுக்குப் போனேன். ராமசேஷன் சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்.

“ஏம்ப்பா, அந்த சரண்பூர்ல அப்படி என்னதான் இருந்தது?”

“அவரு ஊரு இருந்துச்சு சார்” என்றேன்.