புழு மேடம் வைத்த பொறி

இருநூற்றைம்பது சொற்கள். ஒரு சொல் கூடினாலும் நன்னீர் அறிவியல் மாநாட்டின் இணையதளம் ஆய்வுச் சுருக்கத்தை வாங்கிக்கொள்ளாது. புழு மேடம் இருநூற்று நாற்பத்தாறில் நிறுத்தி வைத்திருக்கிறார். மீதி நாலு சொல்லை ஏன் விட்டுவைத்தீர்கள் என்று கேட்டால், "இருக்கட்டும். எல்லாத்தையும் கொட்டிட்டா அப்புறம் நம்மகிட்ட என்ன இருக்கு?" என்கிறார். வெளியே காலடிச் சத்தம். கை தானாகப் போய் ஒரு கோப்பினை எடுத்துக் கணினித் திரைமேல் சாய்க்கிறது. வந்தவர் அறையைப் பெருக்கும் அம்மா. அவர் போகும்வரை கோப்பு நகரவில்லை.

வயது ஐம்பத்தொன்பது. நீர்ப் பரிசோதனைக் கூடத்தின் பின்பக்க அறை அவருடையது. ஆற்றின் அடிச்சேற்றை அள்ளி வந்து, சல்லடையில் அலசி, அதில் நெளியும் சிவப்புப் புழுக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துத் தாடைப் பற்களை எண்ணுவது தொழில். நல்ல தண்ணீரில் பற்கள் வரிசை தவறாமல் இருக்கும். சேற்றில் விஷம் ஏற ஏற, மழுங்கியும் ஒன்றோடொன்று ஒட்டியும் போய்விடும். "டாக்டர்கிட்ட போனா வாயைத் திறன்னு சொல்றாங்கல்ல? நான் ஆத்தைப் பாத்து அதைத்தான் சொல்றேன்." ஒன்பது வருடமாக, ஆறு இடங்களில், மாதம் ஒரு தடவை சொல்லி வருகிறார். தன்னை எல்லோரும் புழு மேடம் என்று அழைப்பது அவருக்குத் தெரியும். அதில் வருத்தமில்லை.

அலமாரியில் அறுநூற்றுச் சொச்சம் குப்பிகள். எதிலும் இடத்தின் பெயர் கிடையாது, யாராவது படித்துவிடுவார்களாம். அதற்குப் பதிலாகக் கணவர் வீட்டு உறவுகளை எழுதி ஒட்டியிருக்கிறார். அணைக்கு மேலே உள்ள இடம் மாமனார். கழிவு வாய்க்கால் வந்து விழும் பாலத்தடி, பெரிய நாத்தனார். "பெரிய நாத்தனார் இந்தத் தடவை ரொம்ப மோசம், வாயில ஒரு பல்லு உருப்படி இல்ல" என்று ஒருநாள் தொலைபேசியில் சொல்லப்போக, அதைக் கேட்ட கணவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்று வெள்ளி. மாலை ஐந்து மணியோடு சுருக்கங்களைப் பெறுவது முடிகிறது. மாநாடு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அவர் ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம். அதன்பின் இந்த அறை கணக்குப் பிரிவுக்குப் போகிறது. குப்பிகளைக் காலி செய்து தரும்படி கடிதமும் வந்துவிட்டது. இந்த முறை ஏற்றுக்கொள்ளப்பட்டால் ஒன்பது வருட எண்கள் மாநாட்டு மலரில் அச்சாகும். இல்லாவிட்டால்? "கழுவி ஊத்திடுவாங்க. நான் ஆத்துல இறங்கவே இல்லைன்னு ஆயிடும்."

இத்தனை நாள் ஏன் அச்சாகவில்லை என்பதற்கு அவரிடம் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறது. உள்ளே இரண்டு தாள்கள். ஒன்று, நாலு வருடம் முன்பு அவர் மாநாட்டுக்கு அனுப்பிய அமர்வு முன்மொழிவு: சேற்று உயிர்களைப் பற்றித் தனியாக ஒரு அமர்வு வேண்டும், தானே நடத்துகிறேன் என்று. இடமில்லை என்று பதில் வந்தது. இரண்டாவது, அதே மாநாட்டின் நிகழ்ச்சி நிரல். அதில் சேற்று உயிர்கள் அமர்வு இருக்கிறது. நடத்துபவர் வேறு ஒருவர்.

அந்த வேறொருவர் முன்பு இதே அறையில் வேலை பார்த்தவர். ஒரு வருடம் இருந்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். மேடத்தின் வாயில் அவருக்கு இன்றுவரை 'பக்கத்து மேசை' என்றே பெயர். ஒரே மாதிரி இரண்டு முன்மொழிவு வந்ததால் குழு ஒன்றாக்கிவிட்டது, சேர்ந்து நடத்தலாம் என்று அக்காவுக்கு மின்னஞ்சல் போட்டேன் என்பது அவர் தரப்பு. மேடம் மறுக்கவில்லை. "வந்துச்சு. இணைப்பைத் திறக்கச் சொல்லுது. நான் திறப்பேனா?"

போன மாநாட்டுக்கு மேடம் அனுப்பிய சுருக்கத்தில் 'முடிவுகள் நேரில் விவாதிக்கப்படும்' என்று மட்டும் இருந்தது. முடிவு எதுவும் இல்லை என்று ஒரே வரியில் திருப்பிவிட்டார்கள். ஆகவே இந்தத் தடவை ஒரு முடிவைப் போட்டிருக்கிறார். பாலத்தடியில் நூறு புழுவுக்குப் பதிமூன்றின் பற்கள் கெட்டிருக்கின்றன என்று.

உண்மையான எண்ணிக்கை முப்பத்தொன்று.

"பொறி வெச்சிருக்கேன். இந்தப் பதிமூணு வேற எங்கயாவது தலையைக் காட்டட்டும். எங்கிருந்து போச்சுன்னு தெரிஞ்சுரும்." மாநாட்டு மேடையில் சரியான எண்ணைச் சொல்லிக்கொள்ளலாம் என்பது திட்டம். காலையிலேயே அனுப்பியாகிவிட்டது. ஐந்து மணிவரை திருத்த அனுமதி உண்டு என்பதால் அந்தப் பக்கத்தை மூடாமல் காவல் இருக்கிறார். ஓய்வுபெற்ற பேருந்து நிலைய நேரக்காப்பாளரான கணவர், அழைத்துப் போக வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

நாலரைக்குத் தொலைபேசி அடித்தது. பக்கத்து மேசை. மேடம் ஒலிபெருக்கியைப் போட்டார். இந்த ஆளிடம் பேசும்போது எப்போதும் சாட்சி வேண்டும்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன் தம்பி. என்ன விஷயம்?"

"உங்க சுருக்கம் என் அமர்வுக்குத்தான் வந்திருக்கு. பாலத்தடில பதிமூணுன்னு போட்டிருக்கீங்க. சரிதானா?"

"ஏன், உங்களுக்கு எவ்வளவு வேணும்?"

கணவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

"அதுக்கில்லக்கா. முதல் வருஷம் நாம ரெண்டு பேரும் எண்ணினோமே, அப்பவே இருபத்திரண்டு. இப்ப பதிமூணுன்னா ஆறு தேறிடுச்சுன்னுல்ல படிப்பாங்க? வாய்க்கால் இன்னும் அங்கதானே விழுது? நான் ஏத்துக்கிட்டா இப்படியே அச்சுல வந்துரும். அஞ்சு மணிக்குள்ள நீங்களே மாத்தினாத்தான் உண்டு. அதான் கூப்பிட்டேன்."

பார்க்கிறேன் என்று சொல்லி மேடம் வைத்துவிட்டார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இத்தனை வருஷம் ஆச்சு, எப்படிங்க ஞாபகம் இருக்கு? எழுதி வெச்சிருக்கான்" என்றார்.

"வெச்சிருக்கட்டும். அந்த எண்ணை வெச்சுக்கிட்டு இத்தனை வருஷம் என்ன பண்ணான்? ஒண்ணும் பண்ணலியே."

"சமயம் பாத்துக்கிட்டு இருந்திருப்பான்."

"திருட வர்றவன் எவனாவது போன் பண்ணி, உங்க வீட்டுப் பூட்டு சரியா விழலைன்னு சொல்லுவானா? மணி நாலு நாப்பது. அப்புறம் உன் இஷ்டம்."

மேடம் பதிமூன்றை அழித்தார். முப்பத்தொன்று என்று அடித்தார். மேலே ஏறி, ஆசிரியர்கள் என்ற கட்டத்தில் தன் பெயருக்குக் கீழே இன்னொரு வரியைத் திறந்து, பக்கத்து மேசையின் முழுப் பெயரை, பட்டங்களோடு, நிறுத்தி நிறுத்தி அடித்தார்.

"என்னம்மா இது?" என்றார் கணவர்.

"முதல் வருஷம் எண்ணினான்ல. அதோட, இனிமே இது அவன் சரக்கும்தான். சொந்தச் சரக்கை எப்படித் திருடுவான்?"

அவரே தொலைபேசியை எடுத்து, "தம்பி, உங்க பேரைச் சேத்திருக்கேன். சம்மதம்தானே?" என்றார். மறுமுனையிலிருந்து சம்மதம் என்ற சொல் மட்டும் வந்தது. நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

உடனே தானியங்கிப் பதில் வந்தது. அமர்வை நடத்துபவரின் பெயர் ஆசிரியர்களில் இருப்பதால், இந்தச் சுருக்கத்தை அவர் மதிப்பிட முடியாது. பெயர் வெளியிடப்படாத வேறொருவர் படிப்பார். மேடம் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூன்றாவது தடவையும் படித்தார்.

"யாருங்க இது?"

முடிவு பதினைந்தாம் தேதி தெரியும்.